ஏழு மணிச் சலவை

யோர்கென் மறுபடியும் சலவை முறை பதியும் இணையப் பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தான். வியாழக்கிழமை மாலை நான்கிலிருந்து ஏழு வரை என்ற கட்டம் சிவப்பாகவே இருந்தது. அதற்குள் 'வீடு 4' என்று போட்டிருந்தது.

நான்காம் எண் வீடு என்றால் இரட்டைக் குழந்தைக்காரர்கள். அவர்களிடம் போய்ச் சலவை முறையை விட்டுக்கொடுக்கச் சொல்வதும், அழுகிற குழந்தையின் வாயிலிருந்து பால் புட்டியைப் பிடுங்குவதும் ஒன்றுதான்.

அதற்கு அடுத்த கட்டம், ஏழிலிருந்து பத்து வரை, 'வீடு 11'. அது யில்வா. அவள் கட்டம் மட்டும் எப்போதும்போல் தன் இடத்தில் இருந்தது. அதைத்தான் யோர்கென் பார்த்துக்கொண்டே இருந்தான்.

போன மாதம் வரை இந்தத் தொல்லை இல்லை. கட்டடம் முழுவதற்கும் பொதுவான சலவை அறையின் கதவுக்குப் பக்கத்தில் ஒரு மரப் பலகை இருந்தது. நாளுக்கும் நேரத்துக்கும் தனித்தனித் துளை. வீட்டுக்கு ஒரு சின்னப் பூட்டு. எந்தத் துளையில் பூட்டை மாட்டுகிறோமோ அது நம் முறை. எங்கள் கட்டடத்தில் அந்தப் பூட்டுகள் இடம் மாறியதே இல்லை. கல்யாணம் முறிந்தவர்கள் இருக்கிறார்கள், கட்சி மாறியவர்கள் இருக்கிறார்கள், சலவை முறை மாறியவர் ஒருவரும் கிடையாது.

பிறகு குடியிருப்போர் சங்கத் தலைவர் லெனார்ட்டுக்குத் திடீரென்று புதுயுகம் பிறந்தது. டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். பலகையைக் கழற்றி நிலவறையில் போட்டுவிட்டு, இணையதளம் ஒன்றைக் கொண்டுவந்தார். சலவை அறை வாசலில், வீட்டு எண்ணுக்குப் பதில் பெயரே தெரிகிற ஒரு திரையும் மாட்டினார். இனி மாதம் பிறந்ததும் யார் முந்துகிறார்களோ அவர்களுக்கு. யோர்கென் முந்தவில்லை. முந்துகிற பழக்கம் அவனுக்கு எந்த விஷயத்திலும் இருந்ததில்லை.

ஒரு சலவை முறை போனால் என்ன, சனிக்கிழமை துவைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். துணிக்காக என்றால் துவைத்துக்கொள்ளலாம்.

நான்கிலிருந்து ஏழு வரை யோர்கென். ஏழிலிருந்து யில்வா. ஆக, வியாழக்கிழமைதோறும் ஏழு மணிக்கு ஒருவர் வெளியே வர, மற்றவர் உள்ளே போக வேண்டும். அந்த ஐந்து நிமிடம்தான் யோர்கெனின் வாரம். மிச்சமிருப்பதெல்லாம் அதற்குப் போகிற வழி.

"டிரையர் இன்னும் சூடா இருக்கு" என்பான் அவன்.

"நல்லதாப் போச்சு" என்பாள் அவள்.

"டிரையர்ல பஞ்சு வடிகட்டியச் சுத்தம் பண்ணிட்டேன்."

"நீங்க எப்பவும் பண்ணிடுவீங்க."

அந்த 'எப்பவும்' என்ற சொல்லை மட்டும் அவன் மாடிக்கு எடுத்துக்கொண்டு போவான். அடுத்த புதன்கிழமை வரைக்கும் அது தாங்கும்.

முதல் தடவை அவள் ஒரு கந்தல் துணிப் பாயோடு வந்தாள். சமையலறைத் தரையில் விரிப்பது. நனைந்தால் கன்றுக்குட்டி கனம் கனக்கும். பெரிய மெஷினில் மட்டும்தான் அது போகும். மெஷினிலிருந்து அதை இழுத்து வெளியே எடுக்க யோர்கென்தான் கை கொடுத்தான். அடுத்த வியாழக்கிழமை ஒரு சின்னக் கூடையோடு வந்தாள். அதற்கடுத்த வியாழக்கிழமையும் வந்தாள். பிறகு வராத வியாழக்கிழமையே இல்லை.

கூடையில் துணி கொஞ்சம்தான் இருக்கும். எல்லாம் அழகாக மடித்திருக்கும். அழுக்குத் துணியைக்கூட மடித்து எடுத்து வருகிற பெண்ணை யோர்கென் அதற்கு முன் பார்த்ததில்லை. போதாக்குறைக்குக் கூடையிலிருந்து சோப்பு வாசனை வேறு வரும். சிலர் பிறவியிலேயே சுத்தம் என்று நினைத்துக்கொண்டான்.

ஒருநாள் அவன் படுக்கை விரிப்பைத் தனியாக மடிக்கத் திண்டாடுவதைப் பார்த்து, மறு முனையை அவள் பிடித்துக்கொண்டாள். இழுத்து உதறினார்கள். பாதியாக மடித்தார்கள். பிறகு இரண்டு பேரும் முனைகளோடு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்தார்கள். நடுவில், துணியின் நான்கு மூலைகளும் சேருகிற இடத்தில், அவள் விரல்கள் அவன் விரல்கள்மேல் பட்டன. "ஆச்சு" என்றாள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து, ஒற்றைக் கட்டிலில் ஒற்றை ஆளாகப் படுக்கிற யோர்கென், வாரத்துக்கு நான்கு படுக்கை விரிப்பு துவைக்க ஆரம்பித்தான்.

அவள் வீட்டு மணியை அமுக்கி ஒரு காப்பிக்குக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்பவர்கள் எங்கள் கோதன்பர்க் நகரில் வாழ்ந்தவர்களாக இருக்க முடியாது. மாடிப்படியில் யாரோ போகிற சத்தம் கேட்டால், அது அடங்குகிறவரை செருப்பை மாட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்து நிற்பவர்கள் நாங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் ஒருவர் மணியடித்தால் வீடு தீப்பிடித்திருக்க வேண்டும். அதுவும் அடித்தவர் வீடு இல்லை, நம் வீடு.

"புலம்பாத. நீ என்ன வேலை பாக்குற?" என்றாள் பெர்னில்லா.

அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரி. காலைக் காப்பி நேரத்தில் ஏலக்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே ஊர் வம்பு அனைத்தையும் தீர்த்துவைப்பவள்.

"சர்வர் கட்டுறேன்."

"என்ன சர்வர்?"

"உனக்குத் தெரியாதா? ஏஜென்ட்டுக்கும் வெளி இணையதளத்துக்கும் நடுவுல நிக்குற சர்வர்."

அவன் வேலை அதுதான். செயற்கை அறிவு ஏஜென்ட் என்பது ஒரு விசித்திரமான பிறவி. எல்லாம் தெரியும், எதையும் செய்யத் துடிக்கும், ஆனால் கை கிடையாது. ரயில் டிக்கெட் எடு என்றால் டிக்கெட்டைப் பற்றிக் கட்டுரை எழுதும். யோர்கென் அதற்குக் கை செய்து கொடுப்பான். இது ரயில் தளத்தைத் தொடுகிற கை, இது மருந்துக்கடையைத் தொடுகிற கை, இது வானிலையைத் தொடுகிற கை என்று ஒவ்வொன்றையும் சர்வரில் மாட்டி, அது எதற்கு என்று ஒரு விளக்கமும் எழுதிவைப்பான். அந்த விளக்கத்தைப் படித்துத்தான் ஏஜென்ட் எந்தக் கையை நீட்டுவது என்று முடிவு செய்யும்.

"ஊருக்கெல்லாம் கை செஞ்சு குடுக்குற. உன் சலவை அறைக்கு ஒண்ணு செய்யத் தெரியாதா?" என்றாள் பெர்னில்லா. "யாராவது முறையை விட்டா, அடுத்த நொடி உன் ஏஜென்ட் பிடிச்சுடும். மாப்பிள்ளைத் தோழன் மாதிரி."

"மாப்பிள்ளைங்கிற பேச்செல்லாம் எதுக்கு?" யோர்கென் காப்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நாலு விரிப்பு துவைக்கிறவன் பேசுற பேச்சா இது? சரி, ஒண்ணு ஞாபகம் வெச்சுக்க. எதுக்குக் கேக்குறோம்னு காரணத்தையும் எழுதிவை. காரணம் தெரிஞ்சா அது நல்லா வேலை செய்யும்."

சனிக்கிழமை காலை யோர்கென் சமையலறை மேஜையில் உட்கார்ந்தான். நான்கு கைகள் செய்தான். முறைகளைப் பார்க்க ஒன்று, பதிவு செய்ய ஒன்று, ரத்து செய்ய ஒன்று, குறிப்பு எழுத ஒன்று. மதியச் சாப்பாட்டுக்குள் சர்வர் ஓட ஆரம்பித்துவிட்டது.

காரணம் எழுதத்தான் பொழுது சாயும்வரை ஆனது.

'துணி துவைப்பதற்காக' என்று முதலில் எழுதினான். அழித்தான். 'நேர ஒழுங்குக்காக' என்று எழுதினான். அது அதைவிட அசிங்கமாக இருந்தது. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினான். ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தான். திரும்பி வந்து, யாரோ பின்னால் நின்று பார்ப்பதுபோல் தோளைக் குறுக்கிக்கொண்டு தட்டினான்: 'ஏழு மணிக்கு யில்வா வரும்போது நான் அங்கே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.'

எழுத்தில் பார்த்தபோது அது உண்மை என்று தெரிந்தது. அம்மாவிடமும் சொல்லாதது, நண்பனிடமும் சொல்லாதது, கை மட்டும் உள்ள ஒரு யந்திரத்திடம் சொல்லியாகிவிட்டது. அது போய் யாரிடம் சொல்லப் போகிறது என்று விட்டுவிட்டான்.

"யில்வாவுக்கு நேர் முந்தின முறையை எனக்கு வாங்கிக் குடு" என்றான் ஏஜென்ட்டிடம்.

"நிச்சயமாக!" என்றது அது. கொஞ்ச நேரத்தில், "முடித்துவிட்டேன். புதன்கிழமை நான்கு முதல் ஏழு வரை உங்களுக்கு. ஏழு முதல் பத்து வரை யில்வாவுக்கு" என்றது.

"புதன்கிழமையா? அவ வியாழக்கிழமைதானே?"

"வியாழக்கிழமை உங்கள் கட்டத்தில் வேறு குடும்பம் இருக்கிறது. எனவே யில்வாவின் முறையை ரத்து செய்து, புதன்கிழமைக்கு மாற்றிவிட்டேன். இப்போது நீங்கள் அவருக்கு நேர் முன்னால் இருக்கிறீர்கள்."

யோர்கெனுக்குக் குப்பென்று வியர்த்தது. லெனார்ட் வாங்கிய இணையதளம் யார் முறையை யார் ரத்து செய்கிறார்கள் என்று கேட்கவே இல்லை. எங்கள் ஊரில் அடுத்தவர் மனைவியைத் தொட்டவனை மன்னித்திருக்கிறார்கள். அடுத்தவர் சலவை முறையைத் தொட்டவனை மன்னித்ததாகச் சரித்திரம் இல்லை. தவிர, புதன்கிழமை யில்வாவுக்குப் பாட்டுக் குழுப் பயிற்சி.

"திருப்பி வை! உடனே திருப்பி வை!"

"நிச்சயமாக! ஆனால் வியாழக்கிழமை ஏழு மணி முறையை இப்போது வீடு 1 எடுத்துக்கொண்டது."

வீடு 1 லெனார்ட். வாசல் திரைச்சீலை அத்தனையையும் துவைக்க இடம் தேடிக்கொண்டிருந்த மனிதர், காலியான கட்டத்தைக் கண்டதும் பாய்ந்துவிட்டார்.

ஆக, யோர்கெனுக்கும் வியாழக்கிழமை இல்லை, இப்போது யில்வாவுக்கும் இல்லை. அவன் தலையைப் பிடித்துக்கொண்டான். தன்னால் அவளுக்கு ஒரு குறை வரக்கூடாது என்ற ஒரே எண்ணத்தில், ஏஜென்ட் வைத்திருப்பவர்கள் யாரும் எப்போதும் சொல்லக்கூடாத ஒரு வாக்கியத்தைச் சொன்னான்.

"என்ன ஆனாலும் பரவாயில்ல, யில்வாவுக்கு முறை இல்லைங்கிற நிலைமை வரவே கூடாது."

"நிச்சயமாக!" என்றது ஏஜென்ட்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தபோது சலவை அறை வாசலில் கூட்டம். எங்கள் கட்டடத்தில் கூட்டம் என்றால் மூன்று பேர், ஆளுக்கு ஒரு மீட்டர் இடைவெளியில். லெனார்ட், இரட்டைக் குழந்தைகளின் அப்பா, எட்டாம் எண் வீட்டு சோல்வெய்க் அம்மாள். மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

திரையில் காலை, மதியம், மாலை, திங்கள், செவ்வாய், சனி, ஞாயிறு, காலியாக இருந்த கட்டம் எல்லாவற்றிலும் யில்வா. யில்வா. யில்வா. பள்ளிக்கூடத்துப் பையன் பெஞ்சு முழுக்கக் காம்பஸ் முனையால் செதுக்கிவைத்த மாதிரி.

"மாசம் பூரா இவளே துவைக்கப் போறாளாமா?" சோல்வெய்க் அம்மாள் யோர்கெனைப் பார்த்ததும் நியாயம் கேட்டார். "ஊர் அழுக்கையா வெளுக்குறா?"

"ஏதாவது தப்பு நடந்திருக்கும்" என்றான் யோர்கென்.

"இந்த வீட்டுல எல்லாம் தப்பாத்தான் நடக்குது. என் விளக்கு ஆடுறதச் சொன்னா யாராவது கேட்டீங்களா? சூப்பு குடிச்சுட்டு இருக்கேன், தட்டுல நிழல் ஊஞ்சல் ஆடுது."

"அது டிராம், சோல்வெய்க்" என்றார் லெனார்ட் பொறுமையாக. எங்கள் கட்டடத்தில் கேட்கிற எந்தச் சத்தத்துக்கும் அவரிடம் ஒரு டிராம் உண்டு. "பதினோராம் நம்பர். வளைவுல திரும்புறப்ப அப்படித்தான் இருக்கும்."

"ஞாயித்துக்கிழமை காலையில என்ன வளைவு?"

"வண்டி கொட்டகைக்குப் போகும். முப்பது வருஷம் ஓட்டினவன் சொல்றேன்."

"ஓட்டினது தரையிலயா, என் கூரையிலயா?"

"அதிர்வு சுவர் வழியா மேல ஏறும். அதெல்லாம் உனக்குப் புரியாது." லெனார்ட் திரைக்குத் திரும்பினார். "ஆனா யில்வா இப்படிச் செய்யுற ஆளே இல்ல. நான் அவகிட்ட விளக்கம் கேக்கப் போறேன்."

விளக்கம் என்ற சொல் எங்கள் சங்கத்தில் சாதாரணச் சொல் இல்லை. கூட்டம் போட்டு, காப்பி வைத்து, எல்லோர் முன்னாலும் கேட்பார்கள். யோர்கென் இரண்டிரண்டு படியாகத் தாவி வீட்டுக்கு ஓடினான்.

"எல்லாத்தையும் என் பேருக்கு மாத்து!" மேல் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஏஜென்ட்டிடம் கத்தினான். "இதுல யில்வாவுக்குச் சம்பந்தமே இல்லன்னு எல்லாருக்கும் தெரியணும். தப்பு முழுக்க என்னுதுதான். ஏன் இப்படி ஆச்சுன்னு தெளிவாக் குறிப்பு போட்டுடு."

"நிச்சயமாக! தெளிவாகப் போட்டுவிடுகிறேன்" என்றது ஏஜென்ட்.

அன்று அவன் நிம்மதியாகத் தூங்கினான். மறுநாள் காலை தொலைபேசியில் லெனார்ட்.

"கீழ வா."

"என்ன விஷயம்?"

"நீயே வந்து படி. நான் படிச்சா நல்லா இருக்காது."

அதே மூன்று பேர். திரையில் யில்வா இருந்த கட்டத்திலெல்லாம் இப்போது யோர்கென். ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே, குறிப்பு என்ற இடத்தில், எழுத்துகள் வலமிருந்து இடமாக நிதானமாக ஊர்ந்துகொண்டிருந்தன: 'இதில் யில்வாவுக்குச் சம்பந்தம் இல்லை. காரணம்: ஏழு மணிக்கு யில்வா வரும்போது யோர்கென் இங்கே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்.'

செவ்வாய்க் காலைக் கட்டத்தில் ஊர்ந்து முடித்தது. செவ்வாய் மதியத்தில் ஆரம்பித்தது.

இரட்டைக் குழந்தைகளின் அப்பா வந்து யோர்கெனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு, "வியாழக்கிழமை நாலு மணி உனக்கு வேணும்னா எடுத்துக்கப்பா. எங்களுக்கு எப்பன்னாலும் ஒண்ணுதான்" என்றார்.

"முதல்லயே கேட்டிருந்தா முதல்லயே குடுத்திருப்பாரே" என்றார் சோல்வெய்க் அம்மாள்.

அப்போதுதான் படியில் காலடி கேட்டது. யில்வா இறங்கி வந்தாள், வேலைக்குப் போகிற கோட்டோடு. வாசல் கதவுக்குப் போக வேண்டுமானால் திரையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் நின்றாள். படித்தாள். முடியும்வரை படித்தாள். செவ்வாய் மாலைக் கட்டத்தில் மறுபடி ஆரம்பித்தபோது அதையும் படித்தாள். காது நுனிகள் சிவந்தன. "மன்னிக்கணும்" என்று சுவரிடம் சொல்லிவிட்டு, மழைக்குள் குடை விரிக்காமல் போனாள்.

யோர்கென் மேலே போய் சர்வரை நிறுத்தினான். மாட்டிய நான்கு கைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினான். கடைசியாக அந்தக் காரணத்தை அழிக்கப் போனான். விரல் அங்கேயே நின்றது. ஊரே படித்த பிறகு அதில் மறைக்க என்ன இருக்கிறது? அப்படியே விட்டுவிட்டான்.

லெனார்ட்டும் புதுயுகத்தை மூட்டை கட்டிவிட்டு, நிலவறையிலிருந்து பழைய பலகையைத் தூக்கி வந்து மாட்டினார். எல்லோரும் அவரவர் பூட்டைத் தேடி எடுத்து அவரவர் துளையில் மாட்டினார்கள். இரட்டைக் குழந்தைகளின் அப்பாவும் தன் பழைய திங்கட்கிழமைத் துளைக்கே திரும்பினார். வியாழக்கிழமை நான்கு மணித் துளையில் யோர்கெனின் பூட்டு.

ஏழு மணித் துளையில் ஒன்றும் இல்லை.

"யில்வா பூட்டு வாங்கிட்டுப் போகலையா?" என்று லெனார்ட்டிடம் கேட்டான், பேச்சோடு பேச்சாகக் கேட்பதுபோல்.

"என் மேஜை மேலதான் கிடக்கு. வேணாம்னு சொல்லல, வேணும்னும் சொல்லல."

முதல் வியாழக்கிழமை யோர்கென் ஏழு மணிக்கு விரிப்புகளை மடித்துக்கொண்டு நின்றான். யாரும் வரவில்லை. ஏழே காலுக்கு அவற்றைப் பிரித்து மறுபடி மடித்தான். அடுத்த வியாழக்கிழமை பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் செய்தான். சுத்தம் செய்ததை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். டிரையர் மெல்ல மெல்ல ஆறியது. மூன்றாவது வியாழக்கிழமை பலகை முழுவதையும் தேடினான், வேறு நாளுக்கு மாறியிருக்கிறாளோ என்று. காலை, மதியம், ஞாயிறு, எங்கும் அவள் பூட்டு இல்லை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"அவ ஒரு மாசமாத் துணியே துவைக்கல, பெர்னில்லா."

பெர்னில்லா பன்னைக் கீழே வைத்தாள். "ஊரே பாக்க மனசைத் திறந்து போட்டிருக்க. உன் கவலை துணியா?"

"நெனச்சுப் பாரு. அவ்வளவு சுத்தமான பொம்பளை. அழுக்கையே மடிச்சு எடுத்துட்டு வருவா. இப்ப என் மூஞ்சியில முழிக்கக் கூசிட்டுக் குளியல் தொட்டியில கையால கசக்கிட்டு இருப்பா. எல்லாம் என்னால."

"சங்கத்துல புகார் குடுத்தாளா?"

"இல்ல."

"உன் கதவுல சீட்டு ஒட்டினாளா?"

"இல்ல."

"அப்ப அவளுக்குக் கோபமே இல்லடா. இந்த நாட்டுல கோபம் வந்து சீட்டு ஒட்டாத ஜென்மம் உண்டா?"

"கோபம் வேற, வெறுத்துப் போறது வேற. வெறுத்துட்டா சீட்டுகூட ஒட்டத் தோணாது."

பெர்னில்லா பன்னை மறுபடி கையில் எடுத்தாள். "சர்வரைத் திரும்ப ஓட விட்டு, ஏஜென்ட்டை மன்னிப்புக் கேக்கச் சொல்லேன்."

"செத்தாலும் மாட்டேன்."

"அப்ப நேர்ல போ. அதுக்குத்தான் கை இல்ல. உனக்கு இருக்குல்ல? ஒரு விரல் போதும், மணி அமுக்க."

வியாழக்கிழமை வந்தது. நான்கு மணிக்கு யோர்கென் சலவை அறைக்குப் போகவில்லை. சவரம் செய்துகொண்டான். சட்டை மாற்றினான். பெரிய நீலப் பை ஒன்றை எடுத்தான், அறைகலன் கடையில் கொடுப்பார்களே, ஒரு குடும்பத்தின் மாதத் துணியே பிடிக்கும், அந்தப் பை. சொல்ல வேண்டியதைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தான். ஏழு அடிக்கக் கொஞ்சம் இருக்கும்போது படியேறினான். எட்டாம் எண் வீட்டைத் தாண்டும்போது கதவுத் துளைக்குப் பின்னால் வெளிச்சம் மறைந்தது. சோல்வெய்க் அம்மாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அதற்கு நேர் மேலே, பதினோராம் எண். அந்தக் கதவை அவன் இத்தனை கிட்டத்தில் பார்த்ததே இல்லை. உள்ளே ஏதோ ஓடுகிற சத்தம் மெலிதாகக் கேட்டது. வானொலியாக இருக்கும் என்று நினைத்தான். அதைவிடச் சத்தமாக அவன் நெஞ்சு ஓடிக்கொண்டிருந்தது. விரலை நீட்டினான். எடுத்துவிட்டான். மறுபடி நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினான்.

கதவு திறந்தது. யில்வா. சட்டைக் கை முழங்கைவரை சுருட்டியிருந்தது. கை ஈரமாக இருந்தது. கையால கசக்கறா, நான் சொன்னேனே, என்று அவன் மனசு பெர்னில்லாவிடம் கத்தியது.

"யோர்கென்" என்றாள். கேள்வி மாதிரியும் இருந்தது, மூச்சு மாதிரியும் இருந்தது.

"என்னால உங்களுக்கு ரொம்பக் கஷ்டம்." கண்ணாடி முன் சொன்னதில் பாதி மறந்துபோயிருந்தது. பையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தான். "ஒரு மாசமா நீங்க துவைக்கவே முடியல. அழுக்குத் துணி அத்தனையையும் இதுல போட்டுக் குடுங்க. நான் வெளியில சலவைக் கடையில குடுத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து தர்றேன். நான் எதையும் பாக்க மாட்டேன். அப்புறம் உங்களத் தொந்தரவு பண்ணவும் மாட்டேன்."

யில்வா பையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். உள்ளே சத்தம் கொஞ்சம் கூடியது. அவள் சட்டென்று வெளியே ஒரு அடி வைத்து, கதவை முதுகால் சாத்தப் பார்த்தாள்.

"அழுக்குத் துணி... அப்படி ஒண்ணும் இல்ல" என்றாள்.

"ஒரு மாசத் துணி இருக்குமே."

"இல்ல, யோர்கென்." காது நுனிகள் மறுபடி சிவந்தன. "நான் உங்ககிட்டச் சொல்லணும்னுதான்... எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் கீழ வரல. இப்ப வேணாம். இன்னொரு நாள்..."

இன்னொரு நாள் என்றால் எங்கள் ஊரில் என்ன பொருள் என்று யோர்கெனுக்குத் தெரியும். தலையாட்டினான். பையை மடித்தான். பாதியாக, அதில் பாதியாக. மறு முனையைப் பிடிக்க ஆள் இல்லாமல் மடித்துத்தான் பழக்கம். படியில் கால் வைத்தபோது தரை கிடுகிடுவென்று நடுங்கியது. தன் முழங்கால்தான் என்று நினைத்துக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டான்.

கீழே எட்டாம் எண் கதவு படாரென்று திறந்தது. சோல்வெய்க் அம்மாள் கையில் கரண்டியோடு படிக்கட்டுக்கு வந்து, வெற்றி பெற்ற முகத்தோடு அண்ணாந்து பார்த்தார்.

"கேக்குதா, யோர்கென்? போ, போய் அந்த லெனார்ட்டைக் கையோட கூட்டிட்டு வா! டிராமாம் டிராம்! நேத்து இவளையே மடக்கிக் கேட்டுட்டேன், ஒத்துக்கிட்டா. குடிவந்த நாள்லேர்ந்து இவ குளியலறையிலயே ஒரு வாஷிங் மெஷின் இருக்காம்ப்பா!"